அம்மாவின் குடல்வால்

அப்பா செத்து நாலு வருசம் கழிச்சு, 1991இல், எங்கம்மாவுக்கு வயிறு வீங்க ஆரம்பிச்சது. மொதல்ல கொசுவம் நிக்கலைன்னு சொல்லுச்சு. அப்புறம் நடவுல குனிய முடியலை. வரப்புல கையை ஊணி ஊணி எந்திரிக்கும். கை கால் எல்லாம் குச்சி மாதிரி வத்திப்போச்சு, வயிறு மட்டும் மேல மேல வந்துச்சு.

தாலியறுத்தவ வயிறு வீங்கினா ஊர் என்ன சொல்லும்? ஊர்த்தெருவுல சொன்னாங்க. எங்க காலனியிலும் சொன்னாங்க. அதை மறைச்சு எழுத எனக்கு மனசில்லை. எந்த ஆண்டை வூட்டுதுன்னு கேட்டுச் சிரிச்சதுல எங்க சொந்தக்காரப் பொம்பளைங்களும் இருந்தாங்க. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. அம்மாவோட சேர்ந்து தண்ணிக்குப் போக எனக்கே கூச்சமா இருந்துச்சு.

டவுன்ல ஒரு டாக்டர். எங்க சனங்களுக்கு மருந்து எழுதிக் குடுப்பார், கை வச்சுப் பார்க்க மாட்டார். ஊசி போடுறதுகூட கம்பவுண்டர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே அம்மா வயித்தைப் பார்த்துட்டு "எத்தினி மாசம்?"னு கேட்டார். அம்மா வாயே திறக்கலை. நான்தான் "அப்பா இல்லீங்க"ன்னேன். அதுக்கு அவர் லேசாச் சிரிச்சார். பூச்சி மாத்திரையும் டானிக்கும் எழுதினார். மூணு தடவை போனோம். மூணு தடவையும் அதே மாத்திரை, அதே மேசை.

பின்னால நான் லேப் டெக்னீசியன் படிச்சேன். குடல்வால்னு ஒண்ணு இருக்கிறதே அப்பத்தான் முழுசா வெளங்குச்சு. வலப்பக்கம் அடிவயித்துல, சிறுகுடல் வந்து சேர்ற இடத்துக்குக் கீழ, குருட்டுக்குடல்னு ஒரு பை. அதிலிருந்து மண்புழு மாதிரி தொங்குது குடல்வால். சராசரி நீளம் 9 சென்டிமீட்டர். வாசல் ஒண்ணுதான், அந்தப் பக்கம் முட்டுச்சந்து. வேக்லி என்பவர் 1933இல் பத்தாயிரம் பேருக்கு அது எங்கே கிடக்குதுன்னு கணக்கெடுத்தார். நூத்துக்கு 65 பேருக்குக் குருட்டுக்குடலுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்துச்சு. 1889இல் நியூயார்க்கில் மக்பர்னி, குடல்வால் அழற்சியைக் கண்டுபிடிக்க இடுப்பெலும்பு முனைக்கும் தொப்புளுக்கும் நடுவுல ஒரு புள்ளியைக் குறிச்சு, அங்க ஒரு விரலால அமுத்திப் பார்க்கச் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கலை. அம்மாவுக்கு வந்தது அழற்சி இல்லைதான். ஆனா ஒரு கை அந்த வயித்து மேல பட்டிருந்தா, அது பிள்ளையில்லைன்னாவது தெரிஞ்சிருக்கும்.

பெரியாஸ்பத்திரிக்கு 1992 தை மாசம் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க ரெண்டு கையாலயும் அமுக்கி, விரலை வச்சுத் தட்டித் தட்டிப் பார்த்தாங்க. அம்மா "நாங்க காலனிங்க"ன்னு மெதுவா சொல்லுச்சு. அவங்க காதுலயே வாங்கிக்கலை. "மூச்சை இழுத்து விடுங்கம்மா"ன்னாங்க. அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. வலிக்குதான்னு கேட்டாங்க, இல்லைன்னு தலையாட்டுச்சு.

நீர்னு நினைச்சு ஊசி குத்தி இழுத்தாங்க. சொட்டுக்கூட வரலை. சூல்பையில கட்டின்னு சொல்லி ஆபரேசன் பண்ணினாங்க. தியேட்டர்லேர்ந்து பக்கெட்டைத் தூக்கிட்டு வந்த பெரியவர் நம்ம சனம்தான், அந்த வேலைக்கு வேற யாரு வருவா? என்னைப் பார்த்து நின்னு, "நுங்கு மாதிரி இருக்குது பாப்பா. ரெண்டு பக்கெட்டு அள்ளியாச்சு, இன்னும் வருது"ன்னார்.

அந்த நோய்க்குப் பேரு சூடோமிக்ஸோமா பெரிட்டோனியை. குடல்வாலுக்குள்ள ஒரு கட்டி மெதுவா வளருது, கோழையைச் சுரக்குது. முட்டுச்சந்து அடைச்சுக்கிட்டு ஒரு நாள் உடையுது. செல்லெல்லாம் வயித்துக்குள்ள சிந்தி, சவ்வு மேல அங்கங்க ஒட்டிக்கிட்டு சுரந்துக்கிட்டே இருக்குது. பத்து லட்சம் பேர்ல வருசத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரும். பொம்பளைங்களுக்குச் சூல்பையிலயும் போய் ஒட்டிக்கிறதால, அங்கதான் தொடங்குதுன்னு ரொம்ப நாளா நினைச்சாங்க. பெரும்பாலும் குடல்வால்தான் ஊத்துன்னு 1990களில்தான் உறுதியாச்சு. 1993 ஜனவரியில் செத்துப்போன ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னுக்கும் குடல்வால்ல தொடங்கின இந்த வகைப் புற்றுநோய்தான். அவங்களுக்கும் எங்கம்மாவுக்கும் பொதுவா இருந்தது அது ஒண்ணுதான். இன்னிக்கு நோய் பிடிச்ச சவ்வை உரிச்செடுத்துட்டு, 42 டிகிரிக்குச் சூடாக்கின மருந்தை வயித்துக்குள்ள ஓடவிடுறாங்க. எங்கம்மாவுக்கு அள்ளி எடுத்ததோட சரி.

எடுத்த துண்டை ஃபார்மலின் பாட்டில்ல போட்டு வச்சிருக்கிறதா யாரோ சொன்னாங்க. ரவுண்ட்ஸ் வந்தப்ப அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "அய்யா, அந்தப் பாட்டிலைக் குடுங்கய்யா. எங்க ஊர்ல காட்டிட்டு ரெண்டே நாள்ல கொண்டாந்து குடுத்துடறேன்"னுச்சு. கூட வந்தவங்கள்லாம் சிரிச்சாங்க. பெரிய டாக்டர் சிரிக்கலை. "அபூர்வமான கேஸும்மா, படிக்கிற பசங்க பார்க்கணும்"னு பொறுமையாத்தான் சொன்னார்.

பஸ்ஸை விட்டு எறங்கி, வயிறு ஒட்டிப்போய் நடந்து வந்த அம்மாவைப் பார்த்ததும் ஊர் முடிவு பண்ணிடுச்சு: கலைச்சுட்டு வந்துட்டா. வீங்கினப்ப இருந்தது சந்தேகம். வத்தினதும் அதுவே சாட்சி ஆயிடுச்சு. அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை முந்தியில முடிஞ்சுக்கிட்டு வூடு வூடா காட்டுச்சு. இங்கிலீசு யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்து வாத்தியார் வாங்கிப் பார்த்து, "அப்பெண்டிக்ஸ்னு போட்டிருக்குது"ன்னார். ஊர்ல அப்பெண்டிக்ஸ்னா மூணு அங்குலத் தழும்பு. அம்மாவுக்கு மேல் வயித்துலேர்ந்து அடிவயிறு வரைக்கும் தையல். "அறுத்துத்தான் எடுத்திருக்காங்க"ன்னாங்க.

1994இல் திரும்ப வீங்குச்சு. அப்ப யாரும் ஒண்ணும் பேசலை. மறுவருசம் ஆடியில அம்மா போயிடுச்சு.

டெக்னீசியன் பயிற்சிக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோய்க்குறியியல் மியூசியத்துல, சன்னலோரத் தட்டுல ஒரு பாட்டில். புடைச்ச குடல்வால், சுத்தியும் மங்கலான கோழை. எனக்கு முன்னாடி எத்தனையோ பேட்ச் பசங்க அதைப் பார்த்துப் படிச்சிருப்பாங்க. சீட்டுல நோயோட பேரு, அதுக்குக் கீழ 'பெண், வயது 38'. ஆளோட பேரு இல்லை, போடவும் கூடாது. அது எங்கம்மாவோடதா, வேற எந்தப் பொம்பளையோடதான்னு கேட்க எனக்குத் தைரியம் வரலை. அம்மாவுக்குத் தன் வயசு தெரியாது. அட்மிசன் சீட்டு எழுதினப்ப, 38ன்னு குத்துமதிப்பாச் சொன்னது நான்தான்.