வண்ணம் பார்ப்பது எந்த மூளை?

இடது கண் பார்ப்பதெல்லாம் வலது மூளைக்குப் போகும் என்று அடித்துச் சொல்பவர்கள் நம் ஹாஸ்டலில் நிறைய பேர். கொஞ்சம் பொறுங்கள் நண்பர்களே! இது கண் கணக்கு இல்லை, பக்கக் கணக்கு. ஒரு புள்ளியை நேராகப் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பதை இரண்டு கண்ணுமே வலது மூளைக்கு அனுப்புகின்றன. வலப்பக்கம் இருப்பது இடது மூளைக்கு. இரண்டு பாதிக்கும் நடுவே தடித்த நரம்புக் கற்றை ஒன்று இருக்கிறது. நம்ம இ.இ. பாஷையில் பஸ் கப்ளர் மாதிரி.

கடும் வலிப்பு நோய்க்காக அந்தக் கற்றையை வெட்டிய நோயாளிகளை அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். இடப்பக்கம் மட்டும் ஒரு பொருளின் படத்தைக் காட்டினால் "ஒண்ணும் தெரியலை" என்பார்கள். ஆனால் இடது கை, திரைக்குப் பின்னால் தடவியே அதே பொருளை எடுத்துவிடும்! பார்த்தது வலது பாதி. பேச்சு இருப்பதோ இடது பாதியில். 1981-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, வண்ணத்துக்கு வருவோம். 2006-ல் கில்பர்ட், ரெஜியர், கே, ஐவ்ரி என்ற நால்வர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வட்டமாகச் சிறு சதுரங்கள். எல்லாம் ஒரே நிறம், ஒன்று மட்டும் வேறு. அது எந்தப் பக்கம் என்று பட்டனைத் தட்ட வேண்டும். பச்சைக்குள் வேறொரு பச்சை என்றால் தாமதம். பச்சைக்குள் நீலம் என்றால் சீக்கிரம். வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தியாசம் வலப்பக்கம் காட்டியபோதுதான் நன்றாகத் தெரிந்தது. அதாவது, பெயர் தெரிந்த இடது மூளை பார்த்தபோது. மனசுக்குள் ஒரு எண்ணை வைத்துக்கொண்டே செய்யச் சொன்னால் அந்த வேகமும் போய்விட்டது. பின்னால் செய்து பார்த்த எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான். எழுதப் படிக்கத் தெரியாது. தறி வேலை. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து என்று, எனக்கு வெறும் பச்சையாகத் தெரிகிற நூலையெல்லாம் மங்கலான பல்பு வெளிச்சத்திலேயே பிரித்து வைத்துவிடுவார். ரெசிஸ்டரில் இருப்பது பிரவுனா சிவப்பா என்று லேபில் சண்டை போடுகிற கூட்டம் நாம்!

"ஏம்மா, பேர் தெரிஞ்சதால கண்ணு பிரிக்குதா, கண்ணு பிரிச்சதால பேர் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"நூல் மாறிப் போச்சுன்னா கூலியில பிடிச்சுக்குவாங்கடா. அதான் தெரியுது."

அந்த நால்வரின் சோதனையில் அம்மாவை ஒருநாள் உட்கார வைத்துப் பார்க்க ஆசை. நீலத்துக்குப் பதில் கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் வைக்கலாம். பட்டனைத் தட்டுவதற்குப் படிப்பு ஒன்றும் வேண்டாமே.