பாதிப் பேச்சு

எங்கள் தாமானில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. "ரேடியோக்காரர் வீடு" என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். கூரைமேல் நிற்கிற ஏரியல்தான் அடையாளம்.

இந்தப் பித்து அப்பாவிடமிருந்து வந்தது. 1977-ஆம் ஆண்டு டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. அப்பா அப்போது கேலாங் பாத்தா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரவு எட்டு மணிக்கு மேல் தூரத்தில் இடி மாதிரி ஒரு சத்தம். மழை வரப்போகிறது என்று கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே போட்டாராம். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. பினாங்கிலிருந்து சுபாங்குக்குப் போன மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 737 கடத்தப்பட்டு, சிங்கப்பூரை நோக்கித் திரும்பி, தஞ்சோங் கூப்பாங் சதுப்பில் விழுந்துவிட்டது. அதில் இருந்த 100 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அடையாளம் காண முடியாதவர்களை ஜொகூர் பாருவில் ஜாலான் கெபுன் தேயில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். நினைவுச் சின்னம் இன்றும் அங்கே இருக்கிறது. கடத்தியவர்கள் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

கடத்தல் நடப்பதை விமானி வானொலி வழியாகத் தரைக்குச் சொல்லியிருந்தார் என்று பத்திரிகையில் படித்த அப்பாவுக்கு அது மனத்தில் தைத்துவிட்டது. "யாரோ ஒரு ஆளு காதுல அது விழுந்திருக்கும்டா. கேட்டுட்டு அவன் என்னா செஞ்சிருப்பான்?" என்பார். இரண்டு ஆண்டு கழித்து, சிங்கப்பூரில் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு பெரிய டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். சாதாரண எஃப்எம்முக்கு மேலே "ஏர்" என்று எழுதியிருந்த தனி வரிசை அதில் இருந்தது. 108 முதல் 136 மெகாஹெர்ட்ஸ் வரை. சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து அந்த முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். பெரும்பாலும் இரைச்சல்தான் வரும். நடுவில் திடீரென்று ஒரு மனிதக் குரல், இரண்டு விநாடி. அதற்காகவே காத்திருந்தவர் போல என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

நான் வளர்ந்து வேலைக்குப் போனபின் கைக்கடக்கமான ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். முள்ளை நகர்த்த வேண்டியதில்லை, அதுவே அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பேச்சு இருக்கும் இடத்தில் நிற்கும். விமானங்கள் இன்னமும் பழைய ஏஎம் முறையில்தான் பேசுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும். ஏஎம்மில் கீச்சென்று ஒரு சத்தம் எழும், இன்னொருவர் பேசுகிறார் என்பதாவது தெரியும். ஆபத்தில் கூப்பிடுகிறவன் குரல் தடமில்லாமல் போய்விடக் கூடாது அல்லவா.

இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கிற விமானத்தின் குரல் 400 கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். ஆனால் தரையில் இருக்கிற கட்டுப்பாட்டு நிலையத்தின் குரல், செம்பனைக்கும் கட்டடத்துக்கும் பின்னால் இருக்கிற என் தரைவீட்டுக்கு எட்டாது. ஆக, என் ஸ்கேனரில் எப்போதும் பாதிப் பேச்சுதான். பதில் வரும், கேள்வி வராது.

போலீஸ் ஹெலிகாப்டரும் அப்படித்தான். தரையில் போலீசார் தங்களுக்குள் பேசிக்கொள்வது இப்போது குறியாக்கம் செய்த டிஜிட்டலில், வெளியாளுக்கு ஒன்றும் கேட்காது. கேட்கவும் கூடாது. ஆனால் ஹெலிகாப்டர் மேலே எழும்பியதும் மற்ற விமானங்களைப் போலவே பொதுவான வான் அலைவரிசையில் நிலையத்தோடு பேசியாக வேண்டும். அவர்களின் பதிவெழுத்து 9எம்-பி என்று தொடங்கும். பி என்ற எழுத்துக்கு வானொலி மொழியில் "பாப்பா". "நைனர் மைக் பாப்பா" என்று கனத்த குரலில் ஒருவர் சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகளுக்குச் சிரிப்புத் தாங்காது. போலீசுக்குப் போய்ப் பாப்பா என்று பெயரா!

சிரிப்பெல்லாம் 2013-இல் ஒருநாளோடு நின்றுவிட்டது.

எதிர்வீட்டு அக்காவின் மகன் சம்பானை எடுத்துக்கொண்டு சுங்கை பூலாய் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனவன் இரவாகியும் திரும்பவில்லை. அந்தக் கழிமுகத்தில் ஒன்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் கண்டல் காடு. உள்ளே புகுந்துவிட்டால் ஒரு கால்வாய்க்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. மறுநாள் காலையிலிருந்து தேடினார்கள். பிற்பகலில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. நான் ஸ்கேனரை எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் அக்கா என் வேலியோரம் வந்து நின்றார். கூடவே நாலைந்து பேர்.

"தம்பி, என்னா சொல்றாங்க?"

இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு வாக்கியம் தெளிவாக வந்தது. திரும்புகிறோம், உள்ளே நாலு பேர். மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. "நாலு பேரா? அதுல எம்புள்ளையும் இருக்கானா தம்பி?"

எத்தனை பேர் ஏறிப் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. புறப்படும்போது அவர்கள் சொன்ன எண்ணிக்கை என் காதில் விழவில்லை. உள்ளே இத்தனை பேர் என்று விமானி சொல்வது வழக்கமான நடைமுறை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இருக்கலாம்க்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினார். சோறு வடித்தார். நெத்திலி சம்பல் அவனுக்குப் பிடிக்கும் என்று அதையும் கிண்டினார். ஆறு மணிக்கு மருமகனோடு மோட்டாரில் ஏறி விசாரிக்கப் போனார். யாரையும் மீட்டதாகத் தகவல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சன்னலோரத்தில்தான் நின்றிருந்தேன்.

பையன் மறுநாள் நண்பகலில் வந்து சேர்ந்தான். எஞ்சின் கெட்டு, கண்டல் வேரில் சம்பானைக் கட்டிப்போட்டு, இரண்டு இரவு கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறான். சிம்பாங் ஆராங் கிராமத்து ஒராங் சிலேத்தார் மீனவர் ஒருவர் கண்டுபிடித்து இழுத்து வந்தார். அந்தக் காட்டுக் கால்வாய்கள் அவர்களுக்குத்தான் வீட்டு முற்றம். ஊரே போய்ப் பார்த்தது. நான் மூன்று நாள் கழித்துப் போனேன். அக்கா தேத்தண்ணி கொடுத்தார், ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் 234-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அனுமதியில்லாமல் பிறர் தொடர்பை இடைமறிப்பதும் அதை வெளியே சொல்வதும் குற்றம். பின்னாளில் முறையாகத் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கியபோதுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். இப்போது கூரைமேல் இருக்கும் ஏரியல் அதற்குத்தான். ஸ்கேனரைப் பேட்டரி கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். சட்டத்துக்குப் பயந்து என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வது வசதியாக இருக்கிறது.

2025 ஜூலை 10, வியாழக்கிழமை. அணுசக்திப் பாதுகாப்பு தொடர்பான பன்னாட்டுப் பயிற்சியின்போது, தஞ்சோங் கூப்பாங் போலீஸ் நிலையத்திலிருந்து கிளம்பிய போலீஸ் ஹெலிகாப்டர் சுங்கை பூலாயில் விழுந்தது. அப்பா இடியென்று நினைத்த அதே தஞ்சோங் கூப்பாங். அதில் இருந்த ஐவரையும் ஆற்றிலிருந்து மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கைத்தொலைபேசியில் வந்ததும் என் கால் தானாக அலமாரிப் பக்கம் போனது. கதவைத் திறந்து ஸ்கேனரைக் கையிலும் எடுத்துவிட்டேன்.

வாசலில் ஆள் அரவம். அக்கா. பன்னிரண்டு ஆண்டில் தலை முழுக்க நரைத்துவிட்டது. என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"பேட்டரி இல்லக்கா" என்றேன்.

"நான் அதுக்கு வரல தம்பி" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "அஞ்சு பேராம். அவங்கவங்க அம்மாவுக்கெல்லாம் சொல்லியிருப்பாங்களா?"

"தெரியலக்கா."

தலையாட்டினார். உள்ளேயிருந்து என் மனைவி அவருக்குக் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாள்.