தகடு கட்டிய கால்கள்

பொங்கலுக்காகத் திருப்பூரில் பனியன் ஆலைகள் கதவடைத்த மறுநாள், எங்கள் பங்கைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார் தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். ஆண்டு முழுவதும் நிட்டிங் எந்திரத்தின் இரைச்சலிலேயே வாழும் எங்களுக்கு அலையோசை நல்ல மருந்து என்பது இல்லத்தரசிகளின் முடிவு. பனிமய மாதா பேராலயத்தில் செபித்தபின் திரேஸ்புரம் கடற்கரைக்குச் சென்றோம்.

கரையேறியிருந்த படகொன்றில், சங்குக் குவியலுக்கருகே இரண்டு அலுமினியத் தகடுகள் கிடந்தன. சோற்றுத் தட்டென்றே எண்ணினோம். "சாப்பிட இல்லை ஐயா, நீந்துறதுக்கு" என்று நகைத்தார் சங்கு குளிக்கும் முதியவர். இரப்பர்ப் பட்டையால் பாதங்களில் பிணைத்துக்கொண்டால் அவையே துடுப்புகளாம்.

முத்துக் குளித்த முன்னோர்க்கு இவை தேவைப்படவில்லை. கல்லின் பாரத்தால் ஆழத்திற்கு இறங்கினர். மேலிருப்பவர் கயிற்றை இழுக்க ஏறினர். அக்கயிற்றை மைத்துனன் கையில் ஒப்படைப்பதே வழக்கம் என்பர். தங்கையின் தாலி அவன் பிடியில் அல்லவா! அந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கோ மணலில் புதைந்து ஆங்காங்கே சிதறிக் கிடப்பது. தேடி நீந்தவேண்டும், அதுவும் ஒரே மூச்சில். கால் களைத்தால் மூச்சும் விரைவில் தீரும், கூலியும் குறையும்.

மறுநாள் காலை, எங்களோடு வந்திருந்த கல்லூரி மாணவன் ஒருவன் தான் கொணர்ந்த நீண்ட, விறைத்த இரப்பர்த் துடுப்புகளை மாட்டிக்கொண்டு பெருமிதத்தோடு நீரில் இறங்கினான். ஐம்பது கெஜம் சென்றிருப்பான், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் தாயார் கரையில் அலறினார். முதியவர் பாய்ந்து சென்று அவனை மல்லாத்திப் பிடித்து, துடுப்பின் நுனியை அவன் முழங்காலை நோக்கி வளைத்தார். தசை இளகியது. பையனின் முகத்தில் உயிர் திரும்பியபின்னரே எங்களுக்கும் மூச்சு வந்தது.

"தம்பி, முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்கிற மாதிரி உதைச்சா இப்படித்தான். தொடையிலேயிருந்து ஆட்டணும்" என்றார் அவர். பிழை உதைப்பில் மட்டுமன்று, துடுப்பிலும் உண்டு என்பதை அவர் விளக்கியபோது எங்கள் கட்டிங் மாஸ்டர் செவியைத் தீட்டிக்கொண்டார். சிறிதளவு நீரை வேகமாகத் தள்ளுவதைவிட மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளினால் உழைப்பு மிச்சம். அகன்ற துடுப்பின் பயன் அதுவே. ஆனால் அது அளவாக வளையவேண்டும். வளைந்தால்தான் நீர் மேலும் கீழுமாகச் சிதறாது பின்னோக்கிச் செல்லும், உடல் முன்னேறும். மிகவும் விறைத்தது கணுக்காலையும் கெண்டையையும் வாட்டும். மிகவும் தளர்ந்தது நீரைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். நீளம் கூடக்கூடச் சுமையும் கூடும். "நம்ம ரிப் துணி மாதிரிதான்! நீளவும் வேணும், திரும்பவும் வேணும்" என்றார் மாஸ்டர். அதைவிடச் சுருக்கமாக நாங்கள் சொல்லிவிட முடியாது.

வளையாத தகட்டைக் கொண்டு இவர்கள் எப்படி நீந்துகின்றனர்? கணுக்காலையே தளர்த்தி வளையவிடுகின்றனர். அதன் விலையை முதியவரின் பாதத்தில் காய்த்துப்போன தழும்புகளில் கண்டோம்.

இத்தேடல் நெடுநாளையது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் சிறுவயதில் கைகளில் மரப்பலகைகளைப் பிடித்து நீந்தினார். வேகம் கூடிற்று, மணிக்கட்டுகளோ சோர்ந்தன. பாதங்களுக்கும் ஒருவகை மிதியடி செய்து பார்த்து மனநிறைவு கொள்ளவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கொர்லியே 1933-இல் இரப்பர்த் துடுப்புக்கு உரிமம் பெற்றார்.

பையனின் துடுப்புகளை விலைக்குக் கேட்பாரோ என்று எதிர்பார்த்தோம். முதியவர் அவற்றை வளைத்துப் பார்த்து, "நுனியிலே நாலு விரல் குறைச்சா நல்லாயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, படகிலிருந்த கத்தியால் அறுத்தார். ஓரம் சற்றுக் கோணல்தான். அன்று மாலை இடுப்பளவு நீரில் பையன் மீண்டும் நீந்தினான். தாயார் கரையோரமாகவே அவனுடன் நடந்தார்.