கயலுக்கு அத்தை எழுதுவது

விக்கிரமங்கலம்

அன்புள்ள கயல்,

அப்பாயிக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, வாய் மட்டும் குறையல. கொல்லையில முந்திரி பூ வெச்சிருக்கு. மழை வந்து கெடுக்காம இருந்தா சரி.

நீ வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். பயிற்சிக்குப் போற பள்ளிக்கூடத்துல ஏழாம் வகுப்பு நோட்டையெல்லாம் நடுராத்திரி வரைக்கும் திருத்தினேன்னு பெருமை வேற. உழைப்பைக் குறை சொல்லலடி. ஆனா எல்லா நோட்டுலயும் 'நன்று', 'அருமை', இல்லேன்னா 'கையெழுத்தைத் திருத்து'. இதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதுமே, நீ எதுக்கு?

ஒரு பையன் அவங்கப்பாவைப் பத்தி எழுதியிருந்தானே. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறவர், வீட்டுக்கு வந்தா கண் இமையெல்லாம் வெள்ளையா இருக்கும், மூஞ்சி கழுவினாத்தான் அம்மா டீ குடுப்பாங்கன்னு. நீ 'மூஞ்சி'யைச் சிவப்புல அடிச்சு 'முகம்'னு போட்டு, கீழே 'நன்று'ன்னு எழுதியிருக்க. இமை வரைக்கும் பார்த்து எழுதின பையனுக்கு நீ சொல்ல அவ்வளவுதானா இருந்துச்சு? 'அப்பாகூட லாரியில போயிருக்கியா? டீ குடிச்சதும் முதல்ல என்ன பேசுவார்?'னு கேட்டுப் பாரு.

2021 கடைசியில இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பிச்சப்ப நம்ம திண்ணையில சாயங்காலம் பிள்ளைங்களை உக்கார வெச்சிருந்தேனே, ஞாபகம் இருக்கா? கொரோனாவுல பள்ளிக்கூட வாசலையே மறந்த பிள்ளைங்க. எழுதச் சொன்னா பேந்தப் பேந்த முழிக்கும். வாரணவாசி மியூசியத்தைப் பார்த்துட்டு வந்த பொண்ணு ஒருத்தி, 'கல்லுக்குள்ள சிப்பி இருந்துச்சு'ன்னு ஒத்தை வரியோட நிறுத்திட்டா. 'சிப்பி இங்க இருக்கு, கடல் எங்க போச்சு?'ன்னு ஓரத்துல எழுதிக் குடுத்தேன். மறுநாள் ஒரு பக்கம் எழுதிட்டு வந்தா. எழுத்துப்பிழை ஏகப்பட்டது. அதை நான் தொடவே இல்ல, கடல் எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான் ஆசையா இருந்துச்சு.

பிரான்ஸ்ல செலஸ்தீன் ஃப்ரெனேன்னு ஒரு வாத்தியார் இருந்தார். முதல் உலகப்போர்ல நுரையீரல்ல அடிபட்டவர், சத்தமாப் பேசிப் பாடம் நடத்த முடியாது. வகுப்புக்குள்ளயே சின்ன அச்சு மெஷினை வெச்சு, பசங்க எழுதினதைப் பசங்களையே அச்சடிக்க விட்டார். 1926ல அவரோட மலையோரத்துப் பள்ளிக்கூடத்துப் பசங்க எழுதினது பிரிட்டனி கடலோரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு, அங்கேயிருந்து பதில் வந்துச்சு. படிக்கிறதுக்கு ஒருத்தன் காத்திருக்கான்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளைதான் எழுதாது?

நேரம் இல்ல அத்தைன்னு சொல்வே, தெரியும். வழிகாட்டி டீச்சர் சிலபஸ் முடிக்கச் சொல்லி நெருக்குவாங்க. ஒரு நாளைக்கு நாலஞ்சு நோட்டுல மட்டும் கேள்வி எழுது, மத்ததுக்கு மறுநாள். எனக்கு வேற கவலை. உன் பயிற்சி 16 வாரம்தான். பழக்கிவிட்டுட்டு நீ கிளம்பினப்புறம் அந்தப் பிள்ளைங்க யாருக்கு எழுதும்? அதனால இப்பவே நோட்டை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக் குடுத்து, அவங்களே கேள்வி எழுதிக்கட்டும். நல்லா வந்ததைப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான தேன்சிட்டு இதழுக்கு அனுப்பு. நம்ம தெருப் பசங்களும் சும்மாதான் சுத்துறாங்க, உன் வகுப்புக்குக் கடுதாசி போட வெக்கிறேன். போஸ்ட் கார்டு இன்னும் 50 பைசாதான்.

ச. மாடசாமி சாரோட 'என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா' புத்தகத்தை இங்கயே விட்டுட்டுப் போயிட்ட. உங்கப்பா புதன்கிழமை திருச்சி வர்றப்ப குடுத்து விடுறேன், கூடவே முந்திரிப் பருப்பும். ரூம்ல எல்லாருக்கும் குடுத்துட்டு நீ டப்பாவைச் சுரண்டாதே. ராத்திரி சாப்பாட்டை விடாதே, கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்கு. பசங்களோட பள்ளிக்கூட விலாசத்தை முதல்ல எனக்கு அனுப்பு.

உன் அத்தை