காத்திருப்பின் கணக்கு

ஒரு கருவி பழையதாகிவிட்டது என்று சொல்வது எளிது. அதன் எந்த உறுப்பினால் வேலை தடைப்படுகின்றது என்று சொல்வது அத்துணை எளிதன்று. கணினியைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. வேகம் குறைந்ததெனக் கண்டவுடன் முழு இயந்திரத்தையுமே மாற்ற முற்படுவோர் பலர். விற்போரும் முறைவழியாக்கியின் பெயரையும் தலைமுறையையுமே முதலில் எடுத்துரைப்பர். அளவிற் பெரிய நிழற்படக் கோப்புகளைத் திருத்தும் வேலையில் இவ்வழக்கம் பணத்தை மட்டுமன்றி, சில வேளைகளில் மீளப்பெற முடியாத காலத்தையும் விழுங்கிவிடுகின்றது.

படக்கோப்பு ஒன்றின் பருமன் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். கணினிக்குள் வருடி ஏற்றப்பட்ட முதல் நிழற்படம் எனக் கருதப்படுவது, 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகத்தில் ரசல் கேர்ஷ் என்னும் அறிஞர் பதிவுசெய்த தம் கைக்குழந்தையின் படமாகும். அதன் நீளம் 176 புள்ளிகள், அகலமும் 176 புள்ளிகள், மொத்தம் 30,976. இன்று 120 வகைப் படச்சுருளில் எடுக்கப்பட்ட சதுரவடிவ நெகற்றிவ் ஒன்றை, அங்குலத்துக்கு 3,200 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் வருடினால், பக்கமொன்றுக்கு 7,000 புள்ளிகளுக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ 50 மில்லியன் புள்ளிகள் கிடைக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தலா 2 பைற்று வீதம் புள்ளியொன்றுக்கு 6 பைற்று வேண்டும். ஆகவே ஒரே படம் 300 மெகாபைற்று ஆகின்றது. மூலப்படம் கெடாதிருக்கும் பொருட்டு அதன்மேல் இன்னொரு படியை அடுக்காக விரித்தே திருத்துவோர் வேலை செய்வர். உடனே பருமன் 600 மெகாபைற்றாக உயரும். செய்ததை மீளப்பெறும் வசதிக்காக மென்பொருள் முந்திய நிலைகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். இவ்வாறு படமொன்று தன் மூல அளவைப் போலப் பன்மடங்கு இடத்தைக் கேட்கத் தொடங்குகின்றது.

வடமராட்சியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அநுபவம் இவ்விடயத்தில் எடுத்துரைக்கத்தக்கது. அவருடைய தந்தையார் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஸ்ரூடியோ நடத்தியவர். கலியாணங்கள், சாமத்தியச் சடங்குகள், பாடசாலைக் குழுப்படங்கள், கடவுச்சீட்டுக்கான முகங்கள் என ஏறத்தாழ 3,000 நெகற்றிவ்கள் தகரப் பெட்டிகளில் எஞ்சியிருந்தன. 1987ஆம் ஆண்டின் இராணுவ நடவடிக்கையிலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும், 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டத்திலும் வீடும் அல்பங்களும் இழந்தோர், தம் பெற்றோரின் படம் ஏதும் இருக்குமா என்று கேட்டு அவரிடம் வரத் தொடங்கினர். தாயின் முகம் நினைவில் இல்லை என்று கூறிய பெண்ணொருவருக்கு, அத்தாய் பாடசாலைச் சீருடையில் நின்ற குழுப்படமொன்று அப்பெட்டிகளிலிருந்து கிடைத்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை அன்று முதல் கடமையாயிற்று.

அவரிடம் இருந்த கணினி பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்டது; 8 ஜிகாபைற்று நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்டது. நெகற்றிவில் படிந்த தூசியையும் கீறல்களையும் ஒவ்வொன்றாக அவர் அழித்து வந்தார். வண்ணப் படச்சுருள்களில் தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்புக் கதிர் முறை, வெள்ளி படிந்த கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பயன்படுவதில்லை. எனவே கைவேலை தவிர்க்கமுடியாதது. ஆயின் கைவேலையைவிடக் காத்திருப்பே அவரை வாட்டியது. ஒரு படத்தில் 15 நிமிடங்கள் வெறும் காத்திருப்பிற் கழிந்தன. 3,000 படங்களுக்கு அது 750 மணித்தியாலங்கள். நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் வேலை செய்பவருக்கு 250 நாட்கள். புதிய கணினி ஒன்றை, விலையுயர்ந்த வரைகலை அட்டையுடன் வாங்குவதென அவர் முடிவு செய்திருந்தார். டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணய மாற்றுவீதம் 2022ஆம் ஆண்டில் 360 ரூபாவையும் கடந்தபின், ஓய்வூதியக்காரர் ஒருவருக்கு அது சிறிய முடிவன்று.

பொறியியல் பயிலும் மருமகன் விடுமுறையில் வந்தபோது, "மாமா, புதுசு வாங்க முதல் இது எதுக்காகக் காத்துக்கொண்டு நிக்குது எண்டு பாருங்கோ" என்றான். "அது நிக்குதோ இல்லையோ தம்பி, நான்தான் நிக்கிறன்" என்பது அவர் மறுமொழி. எனினும் இருவரும் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு, கணினியிலேயே அமைந்துள்ள ரஸ்க் மனேஜர் என்னும் கண்காணிப்புப் பலகையைத் திறந்துவைத்து, வழக்கமான வேலையைச் செய்து பார்த்தனர். திரை உறைந்து நின்ற வேளைகளிலெல்லாம் முறைவழியாக்கி ஐந்திலொரு பங்குகூட உழைக்கவில்லை. நினைவகமோ முற்றாக நிரம்பியிருந்தது. வன்தட்டு நூறு வீதமும் இயங்கிக்கொண்டிருந்தது.

இதன் பொருளை நூலகமொன்றை மனத்திற் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நினைவகம் என்பது வாசகர் முன்னுள்ள மேசை. வன்தட்டு என்பது அப்பாலுள்ள நூலடுக்கு. மேசை சிறிதாயின், புதிய நூலொன்றை விரிக்குந்தோறும் முன்னையதை அடுக்கிற் கொண்டுபோய் வைத்துவிட்டு வரல் வேண்டும். வாசகர் எத்துணை விரைவாகப் படிக்கவல்லவர் என்பது அங்கே பொருட்டன்று. படம் திருத்தும் மென்பொருளும் மேசை நிரம்பியதும் மீதியை வன்தட்டில் எழுதி, வேண்டியபோது திரும்பப் படிக்கின்றது. 2,000 மெகாபைற்றை இவ்வாறு நகர்த்துவதற்கு, செக்கனுக்கு 150 மெகாபைற்று வேகமுள்ள சுழல்தட்டு 13 செக்கன்களுக்கு மேல் எடுக்கும். செக்கனுக்கு 500 மெகாபைற்று வேகமுள்ள எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைத் தட்டு 4 செக்கன்கள் எடுக்கும். நினைவகத்துக்குள்ளேயே இடமிருப்பின் ஒரு செக்கனின் சிறு பகுதியே போதும்.

கணினிப் பொறியியலாளர் ஜீன் அம்டால் 1967ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய உண்மை இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவுபடுத்தினால், எஞ்சிய பகுதி எடுக்கும் நேரத்துக்குக் கீழே மொத்த நேரம் ஒருபோதும் குறையாது. 100 செக்கன் வேலையில் 20 செக்கன் கணிப்புக்கும் 80 செக்கன் வன்தட்டுக்கும் செல்வதாகக் கொள்வோமாயின், இருமடங்கு வேகமான முறைவழியாக்கி அதனை 90 செக்கனாக மட்டுமே குறைக்கும். நான்மடங்கு வேகமான தட்டு அதனை 40 செக்கனாகக் குறைத்துவிடும். முன்னையதன் விலை பின்னையதன் விலையைப் போலப் பல மடங்காகவும் இருக்கக்கூடும்.

அன்றைய ஆராய்ச்சியில் வேறு இரண்டு உண்மைகளும் வெளிப்பட்டன. கறுப்பு வெள்ளை நெகற்றிவ்களையும் அவர் மூன்று நிறங்களிலேயே வருடி வந்தார். ஸ்கானரின் வழமையான அமைப்பு அதுவாக இருந்தது. சாம்பல் நிறப் படமாக வருடின், புள்ளியொன்றுக்கு 2 பைற்றே போதும். 300 மெகாபைற்று 100 ஆகிவிடும். ஒரு சதமும் செலவின்றிச் சுமையில் மூன்றில் இரண்டு பங்கு நீங்கிற்று. மற்றையது இனிமையானதன்று. ஒரு பெட்டியைத் திறந்தபோது வினாகிரி மணம் எழுந்தது. அசற்றேற்றுப் படச்சுருள் சிதையும்போது அசற்றிக் அமிலம் வெளிப்படும். அவ்வமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். வெப்பமும் ஈரப்பதனும் அதற்குத் துணைபுரியும். தூசியை இன்று அழிக்கலாம், ஐந்தாண்டு கழித்தும் அழிக்கலாம். வருடும் வேலைக்கு அத்தகைய தவணை இல்லை.

இவ்வறிவு வேலையின் ஒழுங்கையே மாற்றியது. ஒரு படத்தை வருடி, திருத்தி முடித்தபின் அடுத்ததை எடுக்கும் முறை கைவிடப்பட்டது. எல்லாவற்றையும் முதலில் வருடுவது, திருத்துவதைப் பின்னர் வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கப்பட்டது. படமொன்றுக்கு 4 நிமிடம் வீதம் 3,000 படங்களுக்கு 200 மணித்தியாலம். அதற்குப் பழைய கணினியே போதியது. ஆகவே முதலில் வாங்கப்பட்டவை தலா 1 டெராபைற்றுக் கொள்ளளவுள்ள இரண்டு வெளித்தட்டுகள். 3,000 படங்களும் 300 ஜிகாபைற்றுக்குள் அடங்கும். ஒன்று வீட்டில் இருக்கும். மற்றையது கொழும்பில் உள்ள தங்கையின் வீட்டுக்குப் போகும். ஏறத்தாழ 97,000 நூல்களுடன் 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவருக்கு, ஒரே இடத்தில் ஒரே படியை வைத்திருப்பதன் பொருளை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அதன் பின்னரே கணினியின் முறை வந்தது. நினைவகம் 8இலிருந்து 16 ஜிகாபைற்றாக்கப்பட்டது. பழைய பலகை டிடிஆர்-3 வகையை மட்டுமே ஏற்குமாதலால், வாங்குமுன் அதன் வகை பார்த்துக் குறித்துக்கொள்ளப்பட்டது. சுழல்தட்டின் இடத்தில் திண்மநிலைத் தட்டு பொருத்தப்பட்டது. முறைவழியாக்கி இருந்தபடியே விடப்பட்டது. வரைகலை அட்டை பற்றிய பேச்சு அத்துடன் நின்றுபோயிற்று. படமொன்றுக்கு 15 நிமிடமாயிருந்த காத்திருப்பு 2 நிமிடத்துக்குட் சுருங்கியது. முழுக் கணினிக்கென ஒதுக்கியிருந்த பணத்தில் பெரும்பகுதி வங்கியிலேயே இருந்தது.

அசையும் படங்களைத் தொகுப்போருக்கோ, முப்பரிமாண உருவங்களை ஆக்குவோருக்கோ இதே தெரிவு பொருந்தாது. அவர்களின் வேலை பெரிதும் முறைவழியாக்கியையும் வரைகலை அட்டையையுமே நாடி நிற்கும். பொதுவானது தெரிவன்று, தெரிவுக்கு முந்திய ஆராய்ச்சியே. தன் வேலை எவ்விடத்தில் நின்று காத்திருக்கின்றது என அளந்து பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு கடிகாரமும் போதும். ஆழமறியாமற் காலை விடாதே என்று முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டும் உரியதன்று.

வினாகிரி மணம் வீசிய அந்தப் பெட்டியில் 40க்கு மேற்பட்ட நெகற்றிவ்கள் முன்னரே சுருங்கி, படம் தாங்கிய மேற்படை தளத்தினின்றும் பிரிந்து போயிருந்தன. ஸ்கானரின் கண்ணாடியில் அவற்றை விரித்து வைக்க இயலவில்லை. அவற்றிலிருந்த முகங்கள் யாருடையவை என்பதைத் தந்தையாரின் குறிப்பேட்டிலிருந்து அவர் ஒரு தாளில் எழுதிவைத்துள்ளார். கேட்டு வருவோருக்குப் பெயரையாயினும் காட்டலாம் என்பது அவர் எண்ணம்.