வண்ணத்தைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்



கேமரன் மலையின் குளிர் தேயிலைக்கு உகந்தது. 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் இங்கே தோன்றியதற்கும் அக்குளிரே காரணம். ஆனால், கண்ணாடித் தொட்டியில் வாழும் வெப்பமண்டல மீனுக்கு அதே குளிர் பகையாகிவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இப்பொழுது மீன் வளர்ப்பில் பேரார்வம். ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ சென்று திரும்பும்பொழுது நெகிழிப் பையில் மீன்களோடு மலையேறி வருகின்றனர். சில நாள்களிலேயே மீன் இறந்துவிடுகிறது. பிள்ளை அழக்கூடாதே என்று பெற்றோர் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கித் தொட்டியில் விடுகின்றனர். ஓர் உயிர் போனால் சில வெள்ளி கொடுத்து இன்னோர் உயிரை வாங்கிக்கொள்ளலாம் என்னும் பாடத்தைப் பிள்ளை சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. என் கவலை அதுதான்.

சண்டை மீன் ஒன்றைச் சிறு புட்டியில் வளர்த்த மாணவன் ஒருவன், "டீச்சர், இது ஏன் அடியிலேயே கிடக்கிறது? கோபமா?" என்று கேட்டான். கோபமில்லை, குளிர்கிறது என்றேன். அம்மீனுக்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் வேண்டும். எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வகுப்பறைத் தொட்டியில் வெப்பமானியை வைத்து ஒரு வாரம் அளந்தனர். காலையில் 18 பாகை, நண்பகலில் 21 பாகை. மீன் வாங்குவதற்கு முன்னரே செய்ய வேண்டிய முதல் வேலை இவ்வளவே. மூன்றாவது நாளிலேயே பிள்ளைகள், "அப்படியானால் எந்த மீன் இதில் வாழும்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். "எந்த மீன் அழகு?" என்ற கேள்வி தானே மறைந்தது.

நம் தீபகற்பத்திலும் இயற்கையாக வாழும் ஹார்லிகுவின் ராஸ்போரா நம் மண்ணின் மீன் ஆயிற்றே, அதை வளர்க்கலாமே என்று சிலர் எண்ணலாம். செம்பு நிற உடலில் கறுப்பு முக்கோணம் தாங்கிய அழகிய மீன் அது. ஆயினும் அதன் வீடு தாழ்நிலத்துச் சதுப்புக் காட்டு ஓடை. நம் மலையில் அதை வளர்க்கச் சூடேற்றி தேவை. மின்சாரம் தடைப்படும் இரவில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும்.

சூடேற்றி இல்லாத சிறு தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது வெண்முகில் மலை மீன். கடைகளில் 'வைட் கிளவுட்' என்று கேளுங்கள். சீனாவின் குவாங்சோ நகருக்கு அருகிலுள்ள வெண்முகில் மலையில் இதனைக் கண்டெடுத்தவர் டான் என்னும் சாரணர் தலைவர். 1932ஆம் ஆண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபொழுது, 'டானின் மீன்' என்று பொருள்படும் பெயரையே வைத்தனர். நம் சாரணர் இயக்க மாணவர்களுக்கு இச்செய்தி மிகவும் பிடித்துப் போனது. 18 முதல் 22 பாகை வரையிலான நீர் இம்மீனுக்கு இதமானது. நான்கு செண்டிமீட்டர் அளவே வளரும், பிற மீன்களைத் துன்புறுத்தாது, செடிகளைக் கடிக்காது. கூட்டமாக வாழும் இயல்புடையது என்பதால் ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். துள்ளிக் குதிக்கும், ஆகவே தொட்டிக்கு மூடி அவசியம்.

குளிரைத் தாங்கும் என்பதற்காகத் தங்கமீனைச் சிறு தொட்டியில் விடாதீர்கள். அது 20 செண்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது, கழிவு மிகுதி, செடிகளைப் பிடுங்கித் தின்றுவிடும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் 'இக்கான் பண்டாராயா'வும் வேண்டா. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் ஓரடிக்கும் மேல் வளரும். வளர்த்தவர்கள் ஆற்றில் விட்டதன் விளைவாக இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆறுகளில் பெருகித் தொல்லையாகிவிட்டது. நம் பெர்தாம் ஆற்றுக்கும் ரிங்லெட் ஏரிக்கும் அந்நிலை வரக்கூடாது. வளர்க்க இயலாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். ஆற்றில் விடுவது இரக்கமன்று.

தொட்டியின் அளவைக் கணிதப் பாடமாகவே நடத்தலாம். நீளம் 60, அகலம் 30, உயரம் 30 செண்டிமீட்டர் எனில் கொள்ளளவு 54 லிட்டர். கல்லும் செடியும் இட்டு, மேலே சிறிது இடம் விட்டால் ஏறத்தாழ 45 லிட்டர் நீரே நிற்கும். அதில் எட்டு வெண்முகில் மீன்கள் போதும். ஜாவா பெரணியும் ஜாவா பாசியும் மங்கிய வெளிச்சத்திலும் வளரும். பெரணியின் தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகிவிடும். மரக்கட்டையில் நூலால் கட்டிவிடுங்கள்.

செடி நட்ட அன்றே மீன் விடுவது கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டின் தீமை குறைவு. அதைச் செடிகளும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். காத்திருக்கும் நாள்களில் நாள்தோறும் சிறிதளவு மீன் உணவை நீரில் இட்டு, கடையில் கிடைக்கும் சோதனைப் பொருள்களால் நீரைச் சோதித்து வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரிந்த பின்னரே மீன் வர வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கும் மருந்தையும் மறவாதீர்கள். மாணவர்கள் அந்த ஆறு வாரமும் பொறுமையிழப்பார்கள். இழக்கட்டும், அக்காத்திருப்பும் கல்விதான்.

வார இறுதியில் உணவிட யார் வருவது என்று ஆசிரியர்கள் தயங்க வேண்டியதில்லை. நலமாக உள்ள வளர்ந்த மீன் இரண்டு நாள் உணவின்றி இருக்கும். அளவுக்கு மிஞ்சி உணவிடுவதே பெருந்தீங்கு. ஒரு நாளுக்கு ஒரு மாணவர் என்று பொறுப்பைப் பகிர்ந்தளியுங்கள்.

இவ்வளவும் செய்தால் மீன் சாகாதா? சாகும். வெண்முகில் மீனின் வாழ்நாள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். ஆனால், குளிரில் விறைத்து ஐந்தாம் நாள் இறப்பதற்கும் தன் வாழ்நாளை வாழ்ந்து முடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. பிள்ளை அவ்வேறுபாட்டை அறிய வேண்டும். அன்று அவன் அழுதால் அழட்டும். பள்ளித் தோட்டத்தில் ஒரு செடியின் அடியில் மீனைப் புதைக்கட்டும். கடைக்கு ஓடாதீர்கள், பெற்றோர்களே. சில நாள் தொட்டியில் ஏழு மீன்களே நீந்தட்டும்.