உழவில் கிடைத்த கல்

தில்லியில் என் எழுதுமேசைமீது பதினைந்து ஆண்டுகள் ஒரு கருங்கல் இருந்தது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறவாதிருக்க அதனை வைத்திருந்தேன். உள்ளங்கை நீளம், ஒருமுனை கூம்பியும் மறுமுனை அகன்று கூர்மையாகத் தேய்க்கப்பெற்றும் இருந்தது. திருப்பத்தூரை அடுத்த எங்கள் சிற்றூரில், தந்தையார் கேழ்வரகு விதைக்க உழுதபோது கலப்பையில் தட்டுப்பட்டது அது. அன்னையார் நெடுங்காலம் அதனால் இஞ்சி நசுக்கினார். ஊர் நினைவாக இருக்கட்டும் என்று நான் எடுத்து வந்தேன்.

எங்கள் பக்கத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1960களில் நடத்திய அகழாய்வைப் பற்றிப் படித்தபோதுதான் அது புதிய கற்காலக் கோடரி என்று உணர்ந்தேன். கல்லைச் செதுக்கி, கொத்திச் சமன்செய்து, பின் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய கருவி. அவ்வகழாய்வில் கருகிய கொள்ளும் பயறும்கூடக் கிடைத்தன. எங்கள் வீட்டு அடுப்பில் வெந்த அதே கொள்!

அறிஞர் ஒருவரிடம் கல்லைக் காட்டினேன். “எந்த நிலத்தில் கிடைத்தது?” என்பதே அவர் முதல் வினா. நான் விடையின்றி நின்றேன். எங்களுக்கு இரு கொல்லைகள் உண்டு. குன்றடிக் கொல்லை எனில், அங்கே பழங்குடியிருப்பு இருந்திருக்கலாம். ஏரிக்கரைக் கொல்லை எனில், எருவாக அடித்த வண்டலோடு கல் எங்கிருந்தோ வந்திருக்கலாம். தந்தையாருக்குத் தெரிந்திருக்கும். அவர் மறைந்து அப்போது ஈராண்டு ஆகியிருந்தது. அவர் இருந்த நாளெல்லாம் நான் கேட்டதில்லை.

எண்ணும் தேதியும் இல்லாத கடிதம் எவ்வளவு உண்மையாயினும் கோப்பில் ஏறாது என்பது எழுத்தனாகிய எனக்குத் தெரியாததன்று. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் புட்டும் நிலவியல் துறையின் அரசு ஊழியரே. பிற்காலத்தில் அவர் திரட்டிய கருவிகள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவை இன்றும் பேசுவதற்குக் காரணம், கிடைத்த இடங்களை அவர் குறித்து வைத்தமையே.

சென்ற விடுமுறையில் மகளுடன் குன்றடிக் கொல்லைக்குச் சென்றேன். உழுத மண்ணை மழை கழுவியிருந்தது. காலைச் சாய்வெயிலில் சால்வழியே மெல்ல நடந்து, அம்மண்ணுக்கு ஒவ்வாத நிறமும் வழவழப்பும் உள்ள கல்லைத் தேடினோம். இரண்டு மணிநேரம் வெறுங்கற்களே. பிறகு மகள், “அப்பா, இங்கே பாருங்கள்” என்றாள். உடைந்த கோடரியின் வாய்ப்பகுதி!

அதனை எடுக்கவில்லை. படம் பிடித்தோம். கிணற்றிலிருந்தும் புளியமரத்திலிருந்தும் எத்தனை அடி என்று அவள் அளந்து குறித்தாள். அருங்காட்சியகத்துக்கும் எழுதித் தெரிவித்தோம். தந்தையாரின் கல்லும் அங்கேதான் கிடைத்தது என்று இதனால் மெய்ப்பிக்க இயலாது. அக்கல்லை ஒப்படைத்தபோது, ‘கிடைத்த இடம்’ என்னும் கட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு குறையான படிவத்தை நான் நிரப்பியதில்லை.

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்களே, வீட்டு மூலையிலோ வேம்படிப் பிள்ளையார் மேடையிலோ இத்தகைய கல்லைக் கண்டால் எடுத்து வாராதீர்கள். எந்த நிலத்தது என்று முதியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்ல வல்லவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.